நொடிக்கு ஒரு தரம் இடிந்த திரை

சட்டையில் ஒரு பொத்தான் அறுந்துவிட்டால் உலகத்தில் எல்லோரும் ஊசியை எடுத்து அந்தப் பொத்தானைத் தைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போவார்கள். நம் கதாநாயகி அப்படிப்பட்ட ஆள் இல்லை. பொத்தான் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் அலமாரியைக் காலி செய்வாள். எல்லாச் சட்டைகளையும் கட்டிலில் கொட்டுவாள். துவைத்து வைத்ததை மறுபடி துவைத்து, காயவைத்து, தேய்த்து, மடித்து, அடுக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பார்த்தால் அந்தப் பொத்தான் மட்டும் தைக்கப்படாமல் இருக்கும். ஏன் என்று கேட்டால், எல்லாவற்றையும்தான் பார்த்தேனே, இன்னும் என்னத்தைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று நம்மிடமே திருப்பிக் கேட்பாள்.

இதனால் புகுந்த வீட்டில் அவளுக்கு மொத்தம் என்று பெயர். வைத்தது மாடியில் குடியிருக்கும் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனார் வைத்த பெயர் லேசில் போகுமா? அக்கம்பக்கத்தில் பரவி, பால் போடுகிறவர் வரைக்கும் போய், கடைசியில் அவளுடைய ஆபீசிலேயே அந்தப் பெயரில்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே ஒரு கணம் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மொத்தத்துக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் அவளுடைய கம்பெனி இருந்தது. கீழே பல் ராவும் சத்தம், மேலே கீபோர்டு சத்தம், இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அங்கே கம்ப்யூட்டரிலும் டீவியிலும் ஓடும் திரைகள் செய்துகொடுப்பார்கள். ஜனங்கள் கண்ணால் பார்த்துக் கையால் தட்டும் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் ஒரு மிருக ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருந்தார். நாய்க்கும் பூனைக்கும் டோக்கன் கொடுத்து, பெயர் கேட்டு, என்ன கோளாறு என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து உள்ளே அனுப்பவேண்டும். சொந்த மச்சினன் பெயரை மறந்துவிட்டுக் கல்யாண வீட்டில் முழிக்கிற மனுஷர், என்றைக்கோ ஒரு நாள் காதுவலி என்று வந்த முயலின் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். அந்த ரிசப்ஷன் நாற்காலி அவருக்கு உயிர். வேறு எந்த வேலைக்கும் லாயக்கில்லாத தன்னை ஆண்டவன் இதற்கென்றே அனுப்பியதாக மனதார நம்பினார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு திரை வேண்டும் என்று டாக்டர் ஆசைப்பட்டபோது, நல்ல கம்பெனி ஒன்று தெரியும் சார் என்று இவர்தான் சொன்னார். தன் பெண்டாட்டி அங்கே வேலை செய்கிறாள் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டு ஆளுக்கு வேலை பிடித்துக் கொடுத்ததாக ஆகிவிடுமே என்று கூச்சம். அது எவ்வளவு பெரிய வினையாக வந்து முடியும் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

மொத்தம் அந்தத் திரையை ஆசை ஆசையாகச் செய்தாள். டோக்கன், பெயர், என்ன பிராணி, என்ன கோளாறு, எடை என்று வரிசையாகக் கட்டங்கள். கூடத்தில் பெரிய டீவியில் ஒன்று, ரிசப்ஷனில் ஒன்று, டாக்டர் அறையில் ஒன்று. மேலே பெரிய எழுத்தில் இப்போது யார் உள்ளே போகவேண்டும் என்று வரும், ஒரு பெண் குரல் அந்தப் பெயரைக் கூப்பிடும். எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் கம்பெனிக்குப் போன் போட்டு இன்னொன்று கேட்டார். ஒவ்வொரு பிராணியும் எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்று நொடிக்கணக்கில் ஓடவேண்டுமாம். அதற்கென்ன, செய்தால் போச்சு என்று அதையும் சேர்த்தாள். ஆபீசில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தாள். சோதிப்பதற்கு அவள் கையாண்ட முறை என்னவென்றால், எல்லாக் கட்டத்திலும் 'அ' என்று ஓர் எழுத்தை அடித்து என்டரைத் தட்டுவது. பெயர் அ. பிராணி அ. கோளாறு அ. எல்லாம் டக்கென்று வந்தது. பரம திருப்தி.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, என் வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்லதா ஒண்ணு செஞ்சதில்லை என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவரும் சந்தோஷப்பட்டார். அதற்குப் பிறகு திரை எப்படி ஓடுகிறது என்று எப்போது கேட்டாலும், "நல்லா போகுதும்மா" என்பார். ஒரு வருஷம் இப்படியே நல்லா போனது.

குட்டு உடைந்தது நாத்தனாரால். அவள் வளர்க்கும் வெள்ளைப் பூனைக்குப் பஞ்சு என்று பெயர். பஞ்சுவுக்கு ஊசி போட ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவள், சாயங்காலம் திரும்பி வந்து மாடிக்குக்கூடப் போகாமல் நேரே மொத்தத்தின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். வயிறு நிறைய விஷயத்தோடு வந்திருக்கிறாள் என்று மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் சொன்னது இதுதான். கூடத்து டீவி நொடிக்கு ஒரு தரம் வெள்ளையாகப் பளிச்சென்று அடித்துவிட்டு மறுபடி வருகிறது. ஒவ்வொரு பளிச்சுக்கும் அங்கே ஒரு கிளி வீல் என்று கத்துகிறது. கிளி கத்தினால் நாய்கள் குரைக்கின்றன. நாய்கள் குரைத்தால் பஞ்சு தன் மடியில் நகத்தைப் போடுகிறது; இதோ பார் தொடையை. அது கிடக்கட்டும். தன் தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து படுகிற பாடு இருக்கிறதே, பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள். ஒரு வார்த்தை அடிக்க ஆரம்பிப்பார். அதற்குள் திரை பளிச். அடித்ததெல்லாம் அம்போ. மறுபடி முதலிலிருந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பளிச்சுக்கும் பளிச்சுக்கும் நடுவில் நாலு எழுத்தை அள்ளிப் போட்டு என்டரைத் தட்டப் பழகி வைத்திருக்கிறார்.

அதனால் டாக்டருக்குப் போய்ச் சேருகிற கோளாறெல்லாம் அரைகுறை. இருமல் என்பது 'இரும' என்று போகும். வாந்தி என்பது 'வாந்' என்று போகும். 'கடிச்' என்று மட்டும் போனால் யார் யாரைக் கடித்தது என்று டாக்டர் ஒரு விசாரணைக் கமிஷன் வைக்கவேண்டியிருக்கும். விசாரித்ததில் ஒரு தடவை முயல்தான் நாயைக் கடித்திருந்தது. 'சாப்பிட' என்று மட்டும் வந்த ஒரு குண்டுப் பூனைக்கு, பாவம் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று பசி மருந்து கொடுத்துவிட்டார். அது ஓயாமல் சாப்பிடுகிறது என்பதற்காகத்தான் கூட்டி வந்திருந்தார்கள். வீட்டில் இப்போது சோபாவின் ஒரு கை இல்லையாம்.

டாக்டர் நல்ல மனுஷர்தான், மிருகங்களிடம். கடிப்பதெல்லாம் மனுஷர்களைத்தான். திரை என்றால் அப்படித்தான் மினுக்கும் என்று நினைத்து, பழியை டைப் அடிக்கிறவர்மேல் போட்டிருந்தார். அன்றைக்குக் கூடத்தில் அத்தனை பேர் முன்னாலும் வந்து நின்று, இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக டைப் அடிக்கத் தெரிந்த ஒரு பெண் இந்த நாற்காலிக்கு வரும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் சரி சார் என்றாராம்.

"எவளோ ஒரு தறுதலை இந்த ஸ்கிரீனைச் செஞ்சு கொடுத்து என் தம்பி பொழப்புல மண்ணைப் போட்டுட்டா" என்று முடித்தாள் நாத்தனார். மொத்தத்தின் கம்பெனி செய்தது என்பது அவளுக்கும் தெரியாது. மொத்தத்துக்குக் கையிலிருந்த கரண்டி எங்கே போனதென்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் வந்து கால் கழுவுவதற்குள் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக வாய் திறக்காமல் இருந்தது ஏன், என்னை என்ன முட்டாள் என்று நினைத்தீர்களா என்று ஒரு பாட்டம் தீர்த்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றுமில்லாத பிறகும் துடைத்தார்.

"ஸ்கிரீன் சரியில்லைன்னு நான் சொன்னா, யாரு செஞ்சதுன்னு அவர் கேப்பார்" என்றார். "உன் பேரு வரும். உங்க ஆபீசுக்கு போன் போட்டுக் கத்துவார். நீ அன்னிக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொன்னே. எனக்கு டைப் அடிக்கத் தெரியலைன்னு நெனச்சுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

இதற்கு அவள் கோபப்பட்டுக் கத்தியிருக்கலாம். கத்தத்தான் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. தான் செய்த அலங்கோலத்தை இந்த மனுஷர் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வருஷம் திட்டு வாங்கியிருக்கிறாரே என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. சமாதானம் ஆவதற்காக அடுப்படி சாமான் எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினாள்.

மறுநாள் ஆபீசில் அந்தத் திரையின் புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் தடவையாக 'அ' போடாமல், நாற்பது பிராணிகளை முழுப் பெயரோடு ஏற்றிப் பார்த்தாள். நாத்தனார் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அடித்த வார்த்தை பாதியில் பறிபோனது. கர்சர் ஓடிப்போய் எங்கோ மூலையில் நின்றது. தனக்கே இப்படியென்றால் எதிரே நாய் குரைக்க, கிளி கத்த, அந்த மனுஷர் எப்படித்தான் அடித்தாரோ?

காரணம் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. பொத்தானுக்குச் செய்ததைத்தான் அவள் திரைக்கும் செய்திருந்தாள். ஒரே ஒரு கட்டத்தில் ஏதாவது மாறினால், திரை முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்கி, முதல் வரியிலிருந்து மறுபடி கட்டும்படி எழுதியிருந்தாள். ஒரு பூனையின் எடை மாறினால் நாற்பது பிராணிகளும் அழிந்து மறுபடி பிறக்கவேண்டும். அதோடு காத்திருக்கும் நேரம் வேறு நொடிக்கு நொடி மாறுகிறதே. நொடிக்கு ஒரு தரம் இடிப்பு, நொடிக்கு ஒரு தரம் கட்டுமானம். வீட்டுக்காரர் அடித்துக்கொண்டிருந்த கட்டமும் அந்த இடிபாட்டில் போய்விடும். புதிதாகக் கட்டிய கட்டத்துக்குப் பழைய கட்டத்தில் அவர் என்ன அடித்தார் என்று எப்படித் தெரியும்?

கம்பெனி முதலாளியிடம் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, இன்னும் பெரிய கம்ப்யூட்டராக வாங்கிக்கொள்ளச் சொல் என்றார். எந்த நோய்க்கும் அவரிடம் இருந்த ஒரே மருந்து அது. மொத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினாலும் அது வேகமாக இடிக்குமே தவிர, இடிக்காமல் இருக்காது என்றாள். சனிக்கிழமைக்குள் முடித்தாகவேண்டும் என்றும் சொன்னாள். ஏன் என்பதைச் சொல்லவில்லை.

இதற்கு வேறு வழி உண்டு என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. அதைப் பற்றி ஒரு பெரிய கூட்டத்துக்கே கம்பெனி செலவில் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவிட்டு, நமக்கெதற்கு இந்த வம்பு என்று வந்தவள். அந்த வழிக்கு ரியாக்டிவ் புரோகிராமிங் என்று பெயர். பெயர்தான் வாய்கொள்ளாது, விஷயம் சின்னது. ஒவ்வொரு கட்டமும் தனக்கு எந்தத் தகவல் வேண்டுமோ அதோடு மட்டும் இணைந்து இருக்கும். எடைக் கட்டம் எடையோடு. நேரக் கட்டம் நேரத்தோடு. எடை மாறினால் எடைக் கட்டத்துக்கு மட்டும் சேதி போகும், அது தன் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும். மற்ற கட்டங்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இடிப்பும் இல்லை, கட்டுமானமும் இல்லை. திரை செய்யவேண்டிய வேலை நூறில் ஒரு பங்காகிவிடுவதால் பளிச்சும் கிடையாது, தடுமாற்றமும் கிடையாது.

கேட்கச் சுலபமாக இருக்கிறது இல்லையா? மொத்தத்துக்கு அது பிராணசங்கடம். எதை மாற்றினாலும் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று கை துறுதுறுத்தது. தொடாமல் விடு, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைப் பிசைந்தாள். நடுவில் ஒரு கூத்து வேறு. நேரம் மாறினால் வரிசையைச் சரிபார் என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாள். வரிசையைச் சரிபார்த்தால் நேரத்தைப் புதுப்பி என்று இன்னோர் இடத்தில் எழுதியிருந்தாள். நேரம் வரிசையைக் கிள்ள, வரிசை நேரத்தைக் கிள்ள, இரண்டும் மாறி மாறிக் கிள்ளிக்கொண்டதில் கம்ப்யூட்டர் கொதித்துப்போய்ப் புஸ்ஸென்று இரைந்தது. பக்கத்து மேஜைக்காரர் தன் ஈரக் குடையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் காயவைத்தார்.

அதையும் அவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. வேறு யாராவதாக இருந்தால் நாற்பது பிராணிகளை முழுப் பெயரோடு ஏற்றி மறுபடி ஒரு தரம் பார்த்திருப்பார்கள். ஒரு தடவை பட்டவள்தானே, இவளும் பார்த்திருக்கவேண்டும். பழக்கம் யாரை விட்டது? அலுப்பில், அவசரத்தில், 'அ' என்று அடித்து என்டரைத் தட்டினாள். பளிச் இல்லை. அடித்தது அப்படியே நின்றது. அடுத்தது அ. அதற்கடுத்தது அ. குரல் அழகாக அ, அ, அ என்று கூப்பிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் புதிய திரையை ஏற்றிவிட்டு, கண்ணால் பார்த்தே தீருவது என்று ஆஸ்பத்திரிக்கு நேரிலேயே போனாள். சும்மா போய் உட்கார்ந்தால் சந்தேகம் வருமே. பஞ்சுவுக்கு இருமல் என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கடன் கேட்டாள். என் பூனையை உன்னை நம்பி விடமாட்டேன் என்று நாத்தனாரும் கூடவே கிளம்பினாள். கதவு திறந்தவுடனே போனதால் முதல் டோக்கன் பஞ்சுவுக்கு. வீட்டுக்காரர் இருவரையும் பார்த்துத் திகைத்து, பிறகு ஊரார் மாதிரி மரியாதையாக, என்னம்மா பூனைக்கு என்று கேட்டார்.

கூடம் நிறைய ஆரம்பித்தது. சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரி பிதுங்கும். மொத்தம் ஓர் ஓரமாக மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டீவியையே பார்த்தாள். நேரம் ஓடியது, நேரக் கட்டம் மட்டும் அசைந்தது. எடை வந்தது, எடைக் கட்டம் மட்டும் அசைந்தது. வீட்டுக்காரர் முதல் வார்த்தையை மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். வார்த்தை இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பாமல் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் இருந்தது. மெதுவாக மூச்சை விட்டார். கிளி கத்தவில்லை. யாரும் எதையும் கவனிக்கவில்லை. இதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். ஒருத்தராவது ஆகா என்று சொல்லவேண்டாமா?

குரல் கூப்பிட்டது: பஞ்சு, உள்ளே வரவும். நாத்தனார் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி வெளியே அனுப்பினார். குரல் அடுத்துக் கூப்பிட்டது: பஞ்சு, உள்ளே வரவும்.

நாத்தனார் மறுபடி எழுந்தாள். டோக்கன் எண் இரண்டு என்றது டீவி, பெயர் பஞ்சு என்றது. டோக்கன் இரண்டுக்காரர் ஒரு கன்றுக்குட்டி அளவு இருந்த கறுப்பு நாயோடு எழுந்து நின்றார். நாயின் பெயர் பீமன். ஆளும் ஏறக்குறைய அந்த வாகுதான். யார் போவது என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே டாக்டர் திரையிலும் பஞ்சுதான். பிராணி வருவதற்கு முன்னாலேயே திரையில் பெயரைப் பார்த்து, கதவைப் பார்த்துச் செல்லம் கொஞ்சுவது அவர் வழக்கம். "வாடி என் பஞ்சுக்குட்டி, என் வெள்ளைக் கட்டி, ஓடி வா" என்று அவர் கொஞ்சிய குரல் கூடம் வரைக்கும் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு பீமன் போனது. பின்னாலேயே பீமன்காரர் போனார். தன்னைத்தான் கூப்பிட்டார் என்று ஒரு கணம் அவர் நினைத்துவிட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

அதற்கப்புறம் பஞ்சுதான். ஆடு வந்தது, பஞ்சு. கிளி வந்தது, பஞ்சு. மின்னல் என்று பெயர் வைத்த ஓர் ஆமையைக் கூடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாள், அடுத்தது தன்னைத்தானோ என்று நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்தாள். கூப்பிடும்போதெல்லாம் உண்மையான பஞ்சு காதை விறைத்தது. "என் பூனை எத்தனை தடவைடி உள்ள போகும்?" என்று நாத்தனார் மொத்தத்தின் காதைக் கடித்தாள்.

மொத்தத்துக்கு விளங்கிவிட்டது. புதிய திரையில் மேலே பெரிய எழுத்தில் வருகிற பெயரை மட்டும், வசதியாக இருக்கட்டும் என்று ஆரம்பத்திலேயே எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். மற்றதெல்லாம் குழாயோடு இணைந்திருக்க, இதை மட்டும் ஒரு குடத்தில் மொண்டு வைத்த கணக்கு. குழாயில் எது மாறினாலும் குடத்தில் முதலில் மொண்டதுதானே இருக்கும்? முதலில் வந்தது பஞ்சு. ஆபீசில் எல்லாப் பிராணிக்கும் பெயர் 'அ' என்பதால் அது மாறாதது அவள் கண்ணில் படவே இல்லை. தன் கையைத் தானே கடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

மடியிலேயே திறந்து திருத்த ஆரம்பித்தாள். ஒரே ஒரு வரி. மொண்டு வைத்ததை எடுத்தெறிந்துவிட்டு நேரே இணைக்கவேண்டும். அதைச் செய்வதற்குள் ஆடு அவள் துப்பட்டாவின் நுனியைத் தின்றது. பஞ்சு கீபோர்டின் மேல் ஏறி நாலு பொத்தான்களை ஒரேயடியாக அமுக்கியது. பூனை எழுதியதை அழித்து, தான் எழுதவேண்டியதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டாக்டர் அறைக் கதவு திறந்தது.

டாக்டர் நேரே ரிசப்ஷனுக்குப் போனார். காலையிலிருந்து எல்லாவற்றுக்கும் பஞ்சு, பஞ்சு என்று போட்டிருக்கிறீர்களே, இது கிண்டலா என்று கேட்டார். திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கவேண்டியதில்லை, இப்போதே எழுந்து போகலாம் என்றார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். தன் பக்கம் ஓடிவரப் பார்த்த மொத்தத்தை அவர் கண் ஒரு தரம் தொட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியது. "நான்தான் சார் தப்பா அடிச்சுட்டேன்" என்றார்.

அந்த வார்த்தையை அவளால் பொறுக்க முடியவில்லை. லேப்டாப்பை ஒரு கையிலும் பஞ்சுவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, ஆடு கடித்த துப்பட்டா பின்னால் இழுபட, கூடத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"அவர் இல்லை சார். நான்" என்றாள். "இன்னிக்கு மட்டும் இல்லை, ஒரு வருஷமா நான்தான். இந்த ஸ்கிரீனைச் செஞ்சது நான். அவர் முழுசாத்தான் அடிச்சார், என் ஸ்கிரீன்தான் பாதியைப் பிடுங்கிக்கிச்சு. நான் அவரோட வீட்டுக்காரி."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். அந்தத் தறுதலை யார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். மனுஷர்களிடம் என்ன பேசுவது என்று அவருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. மொத்தம் பூனையைக் கீழே விட்டுவிட்டு, நின்றபடியே அந்த ஒரு வரியை முடித்து ஏற்றினாள். டீவியில் பஞ்சு போய், மின்னல் என்று வந்தது. வேறு எதுவும் அசையவில்லை. ஆமைக்கார அம்மாள் ஐந்தாவது தடவையாக எழுந்து நின்றாள்.

டாக்டர் நம்பினதாகத் தெரியவில்லை. அறைக்குள் போய்த் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"டைப் பண்ணுங்க. ஏதாவது ஒரு முழு வாக்கியம். நான் பாக்கறேன்."

வீட்டுக்காரர் உட்கார்ந்தார். ஆமையின் கோளாறு என்ற கட்டத்தில் கர்சர் நின்றுகொண்டிருந்தது. மூச்சைப் பிடிக்காமல், கைகளைத் துடைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். ரிசப்ஷனில் அடித்தது அந்தக் கணமே கூடத்து டீவியிலும் டாக்டர் அறையிலும் எழுத்து எழுத்தாக வந்தது. சுற்றி எல்லாக் கட்டத்திலும் நொடிகள் ஓடின. அவர் வாக்கியத்தை எதுவும் தொடவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் படித்தார்கள்.

டோக்கன் பதினொன்று. மின்னல். ஆமை. கோளாறு: இந்த ஸ்கிரீனை செஞ்சது என் வீட்டுக்காரி, அவ ரொம்ப நல்லா செய்வா, நான் இதை யார்கிட்டயும் சொல்லாம இருந்தது தப்பு.

மொத்தம் அழுதாள். வீட்டில் அழுததைவிடச் சத்தமாக, ஆடும் ஆமையும் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதாள். நாத்தனார் முதல் தடவையாக அவளைத் திட்டாமல், தின்னப்படாமல் மிச்சமிருந்த துப்பட்டா முனையை எடுத்து அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"இந்த வியாதிக்கு என்கிட்ட மருந்து இல்லை" என்றது டாக்டரின் குரல். "ஆமையை அனுப்புங்க. அப்புறம் திங்கக்கிழமை வர்ற பொண்ணுக்கு எடை போடற ரூம்லதான் வேலை, ரிசப்ஷன்ல ஆள் இருக்குன்னு ஒரு மெசேஜ் அனுப்பிடுங்க. முழுசா அனுப்புங்க."

வீட்டுக்காரர் அவசரமே படாமல், ஒவ்வோர் எழுத்தாக, முற்றுப்புள்ளி வரைக்கும் அடித்தார்.